ஆணியில் தொங்கிய பை: ஒளிப்படத்தின் யாப்பு குறித்துச் சில சொற்கள்

சில ஆண்டுகளுக்கு முன்னர், நாம் பணியாற்றும் கல்லூரியின் கலைவிழாவில் ஒளிப்படப் போட்டிக்கு நடுவராக அமரும் பொறுப்பு நமக்கு வாய்த்தது. தமிழாசிரியனுக்கும் ஒளிப்படத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். கல்லூரிகளில் இப்படித்தான் நடக்கும். கவியரங்கத்துக்கு வேதியியல் துறைத் தலைவர் தலைமை தாங்குவார். கோலப்போட்டிக்கு உடற்கல்வி இயக்குநர் மதிப்பெண் இடுவார். நமக்கு இளமை முதலே படக்கருவியின் மீது ஒரு பித்து உண்டென்பது சக ஆசிரியர்களுக்குத் தெரியும். அந்தத் தகுதி போதுமானதாயிற்று.

நம்மோடு அமர்ந்த மற்ற இருவருள் ஒருவர் நகரில் நெடுங்காலமாகப் படநிலையம் நடத்துபவர்; இன்னொருவர் இயற்பியல் ஆசிரியர். எங்களுக்கு அச்சிட்ட மதிப்பெண் படிவம் ஒன்று தரப்பட்டது. கருப்பொருளுக்கு 30, தொழில்நுட்பத்துக்கு 30, கட்டமைப்புக்கு 40. இந்த நாற்பதைப் பற்றியதே இக்கட்டுரை.

வந்திருந்த படங்களுள் ஒன்றில், சிறிய இட்லிக்கடையின் பின்னே நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் அமர்ந்திருந்தார். படத்தின் சரியான நடுவில், கீழ்ப்பாதியில் அவர். அவருக்கு முன்னே ஆவி எழும் இட்லிப் பானை, பாதி வெட்டுண்ட நிலையில். மேற்பாதி முழுவதும் வெறும் சுவர். சுண்ணாம்பு உதிர்ந்து, பழைய விளம்பர எழுத்துகள் பாதி அழிந்த சுவர். வலப்பக்க மேல் மூலையில், ஏறத்தாழ விளிம்பை ஒட்டி, ஓர் ஆணியில் தொங்கும் பழைய துணிப்பை. மூவரும் அதிகம் பேசவில்லை. "பொருள் நடுவில் இருக்கிறது, மேலே வெற்றிடம் மிகுதி, மூலையில் இருக்கும் பை கண்ணை இழுக்கிறது" என்றார் படநிலையக்காரர். நாமும் தலையசைத்து, நாற்பதுக்குப் பன்னிரண்டு இட்டோம். முதற்பரிசு அந்திவானத்தின் முன் வலைவீசும் மீனவர் ஒருவரின் நிழலுருவுக்குப் போயிற்று. மீனவர் இடப்பக்க மூன்றிலொரு பங்குக் கோட்டில் பிசகாமல் நின்றிருந்தார். அடிவானம் கீழ் மூன்றிலொரு பங்கில் இருந்தது. அப்படம் அழகாகவே இருந்தது. அதை மறுப்பதற்கில்லை.

பரிசளிப்பு முடிந்த மறுவாரம் அந்த இட்லிக்கடைப் படத்தை எடுத்த மாணவி துறைக்கு வந்தாள். எங்கே பிழை என்று தெரிந்துகொள்ள வந்ததாகச் சொன்னாள். வருத்தமோ கோபமோ அவள் முகத்தில் இல்லை. நாம் உற்சாகத்தோடு, தடித்த அட்டையில் வெட்டிய இரண்டு 'ட' வடிவத் துண்டுகளை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தோம். இவ்விரண்டையும் படத்தின் மீது எதிரெதிராக வைத்து நகர்த்தினால் எந்த அளவிலும் ஒரு சட்டகம் கிடைக்கும். எங்கே வெட்டலாம் என்பதைக் கண்டறிய ஓவியரும் படக்காரரும் நெடுநாளாகக் கைக்கொள்ளும் எளிய முறை அது. சுவரை நீக்கினோம். பையை நீக்கினோம். பெண்மணியைச் சற்றே இடப்பக்கம் ஒதுக்கினோம். ஆவியும் முகமும் மட்டும் எஞ்சின. "இப்போது பாரம்மா, எப்படி நிற்கிறது" என்றோம்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லாருக்குங்க ஐயா. ஆனா பை போயிருச்சே" என்றாள்.

"பை எதற்கு?"

"அது என் பைங்க ஐயா. ஆறாவதுலேருந்து அந்த ஆணியிலதான் மாட்டுவேன். காலையில கடையில நின்னுட்டு அப்படியே எடுத்துக்கிட்டுக் கிளம்பிருவேன். அது இல்லன்னா வெறும் இட்லிக்கடைதானுங்களே."

அட்டைத் துண்டுகள் நம் கையிலேயே இருந்தன. அவள் வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நிற்க.

கட்டமைப்பு என்று நாம் இங்குக் குறிப்பது யாது? படச்சட்டகம் என்னும் நான்கு விளிம்புகளுக்குள் புள்ளி, கோடு, உருவம், ஒளியும் நிழலும், பரப்பின் சொரசொரப்பு, நிறம், வெற்றிடம் ஆகியவை ஒன்றோடொன்று கொள்ளும் உறவு. அவ்வுறவுகளுக்குச் சமநிலை, முரண், அடுக்கு, இயைபு, ஒருமை என்றெல்லாம் பெயரிட்டு நூல்கள் வகுக்கின்றன. தமிழில் இதற்கு ஆயத்தமான ஒரு சொல் இருக்கிறது. யாத்தல் என்றால் கட்டுதல். யாப்பு என்றால் கட்டு. சொற்களைக் கட்டுவது செய்யுள் யாப்பு எனில், காட்சிகளைக் கட்டுவதும் யாப்பே. முரண்தொடையைப் பாடம் நடத்தியவருக்கு, கரிய பின்னணியில் வெள்ளைப் புடவை ஏன் எடுபடுகிறது என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. எல்லாம் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது என்று கூவும் நோய் நமக்கு இல்லை. படக்கருவியைத் தொல்காப்பியர் அறியார். ஆயினும் ஒரு கலையின் இலக்கணத்தை நெடுங்காலம் பயின்ற மனம் இன்னொரு கலையின் இலக்கணத்தைக் காணும்போது, சில பிழைகள் விரைவில் கண்ணில் படும். எதுகையும் மோனையும் பிசகாது அமைந்தும் கவிதையாகாத வெண்பாக்களை நாம் ஆண்டுதோறும் திருத்தி வருகிறோம் அல்லவா?

மூன்றிலொரு பங்கு விதியையே எடுத்துக்கொள்வோம். இன்று கைப்பேசியின் படத்திரையில் இரண்டு கிடைக்கோடுகளும் இரண்டு நெடுங்கோடுகளும் இட்டு அவ்விதியைக் குழந்தைகளுக்கும் புகட்டிவிட்டார்கள். முதன்மையான பொருள் அக்கோடுகள் சந்திக்கும் புள்ளியில் அமைய வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வடிவம். இது ஒளிப்படக்காரர் வகுத்த விதியன்று. ஜான் தாமஸ் ஸ்மித் என்னும் ஆங்கிலச் செதுக்கோவியர் நாட்டுப்புறக் காட்சிகளைத் தீட்டுவது பற்றி 1797இல் வெளியிட்ட நூலொன்றில் இப்பெயரால் இதைக் குறித்தார். ஒளிப்படம் என்ற ஒன்று பிறக்க அதன் பின்னும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. அவர் பேசியதும் பெரும்பாலும் நிலக்காட்சியில் வானுக்கும் நிலத்துக்கும், ஒளிக்கும் இருளுக்கும் எவ்வளவு இடம் என்பது பற்றியே. இரண்டையும் சரிபாதியாகப் பங்கிட்டால் படம் சலிப்பூட்டும், ஒன்றுக்கு மேலாண்மை தருக என்பது அதன் சாரம். நல்ல அறிவுரைதான். நிலக்காட்சி ஓவியர்க்குச் சொன்ன அறிவுரை, இட்லிக்கடைப் பெண்மணியை நடுவிலிருந்து ஒதுக்கும் சட்டமாக எப்போது மாறியது என்பதே நம் கேள்வி.

விதிகளை எதிர்ப்பதாக வாசகர் எண்ண வேண்டா. விதி எதற்கு என்று கேட்கும் இளைஞர்க்கு நாம் வழக்கமாகக் காட்டுவது ஆன்றி கார்த்தியே பிரெசோனின் படங்களை. 1908இல் பிறந்து 2004இல் மறைந்த இப்பிரெஞ்சுக்காரர், படக்கருவியைக் கையிலெடுக்குமுன் ஆந்திரே லோத் என்ற ஓவியரிடம் பயின்றவர். சிறிய லைக்கா கருவி, பெரும்பாலும் ஐம்பது மில்லிமீட்டர் வில்லை. இவ்வளவே அவரது கருவிப்பெட்டி. 1952இல் அவர் வெளியிட்ட நூலின் ஆங்கிலப் பெயர் 'தீர்மானிக்கும் கணம்' என்று பொருள்படும். அத்தொடர் உலகெங்கும் பரவி, கணத்தைப் பிடிப்பதே அவர் கலை என்ற எண்ணத்தை வேரூன்றச் செய்துவிட்டது. பிரெஞ்சு மூலத் தலைப்போ திருட்டுத்தனமாக, கைக்குக் கிட்டியபடி அவசரமாகப் பறித்த படங்கள் என்ற தொனியுடையது. அந்நூலின் முன்னுரையைப் படித்தவர்க்குத் தெரியும்: கணத்துக்கு இணையாக அவர் வலியுறுத்துவது வடிவ ஒழுங்கை. ஒரு நிகழ்வின் பொருளும் அதைத் தாங்கும் வடிவமும் ஒரே கணத்தில் கூடிவர வேண்டும் என்பது அவர் கொள்கை.

1948இல் சிறிநகரில் எடுத்த படத்தைப் பாருங்கள். ஹரி பர்பத் குன்றின் சரிவில் காஷ்மீரப் பெண்கள் சிலர், நெடிய ஆடை போர்த்து, நமக்கு முதுகு காட்டி, மலைகளுக்கு அப்பால் எழும் ஞாயிற்றை நோக்கித் தொழுகின்றனர். ஒருத்தி மட்டும் இரு கைகளையும் முன்னே நீட்டி உள்ளங்கைகளை விரித்திருக்கிறாள். தொலைவிலுள்ள மலையும் மேகமும் அக்கைகளில் ஏந்தப்படுபவை போலத் தோன்றுகின்றன. இதில் உருவங்களின் அடுக்கு உண்டு, அண்மை சேய்மை உண்டு, வெற்றிடம் உண்டு. ஆனால் இவற்றுள் எதையும் தனியே பிரித்து 'இதோ இலக்கணம்' என்று காட்ட முடியாதபடி தொழுகை அவற்றை விழுங்கிவிடுகிறது. முகங்கள் தெரியவில்லை என்ற குறையே நமக்குத் தோன்றுவதில்லை.

(இடையே ஒரு செய்தி. இப்படக்காரர் தமிழ்நாட்டுக்கும் வந்திருக்கிறார். 1950 ஏப்ரல் 14 இரவு இரமண மகரிசி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தவர் அவர். அவ்வேளையில் வானில் ஒளிக்கீற்றொன்று நகர்ந்து மலைக்குப் பின் மறைந்ததைக் கண்டதாகச் சொன்னவர்களுள் அவரும் ஒருவர். அக்காட்சியை அவர் கண்டார், படமாக்கவில்லை.)

எடுத்த படத்தை வெட்டலாகாது என்பதில் அவர் கண்டிப்பானவர். படச்சுருளின் கட்டம் முழுவதும் அச்சாக வேண்டும் என்பார். அதற்குச் சான்றாகக் கட்டத்தின் கரிய விளிம்பையும் சேர்த்து அச்சிடச் செய்தார். காட்சியை யாத்தல் கருவியின் விசையை அழுத்துமுன் நிகழ வேண்டும், பின்னர் இருட்டறையில் அன்று என்பது இதன் பொருள். ஆனால் சுவையான முரண் என்னவெனில், அவருடைய படங்களுள் உலகறிந்த ஒன்று வெட்டப்பட்டது. 1932இல் பாரிசின் சேன் லசார் தொடர்வண்டி நிலையத்துக்குப் பின்புறம், தேங்கிய மழைநீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதர். குதிகால் இன்னும் நீரைத் தொடவில்லை. கீழே தலைகீழாக அவரது நிழல். பின்சுவரில் ஒட்டிய சுவரொட்டியில் ஒரு நடனக்காரி, அவரைப் போலவே காலை விரித்துத் தாவுகிறாள். செய்யுளில் இயைபுத்தொடை இறுதியில் ஒலிப்பது போல அவ்வுருவம் இவ்வுருவத்தை எதிரொலிக்கிறது. வேலிப் பலகைகளின் இடைவெளி வழியே எடுத்ததால் படத்தின் ஒரு பக்கத்தை வேலி மறைத்துக்கொண்டது. அதை வெட்ட நேர்ந்தது. தாம் வெட்டிய மிகச் சிலவற்றுள் அது ஒன்று என்று அவரே ஒப்புக்கொண்டார். விதியை வகுத்தவரே விதியை மீறினார் என்று சிலர் இதைக் கொண்டாடுவதுண்டு. நமக்கு அதில் கொண்டாட்டம் இல்லை. அங்கு வெட்டுண்டது வெறும் பலகை. பலகைக்குப் பின்னே யாருடைய வாழ்வும் தொங்கிக்கொண்டிருக்கவில்லை.

டொரோத்தியா லாங் எடுத்த படத்தில் கதை வேறு.

1936 மார்ச்சு மாதம். அமெரிக்காவில் பெருமந்தத்தின் கடுங்காலம். நடுவண் அரசின் மீள்குடியேற்றத் துறைக்காகப் படமெடுத்துவந்த லாங், கலிபோர்னியாவின் நிப்போமோ என்ற ஊரருகே பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமொன்றில் நுழைந்தார். பயிர் உறைபனியில் அழிந்து, வேலையின்றிக் கிடந்தனர் மக்கள். முப்பத்திரண்டு வயதுத் தாய் ஒருத்தியும் அவள் குழந்தைகளும் ஒரு கிழிந்த கூடாரத்தின்கீழ் இருந்தனர். லாங் அவளுடைய பெயரைக் கேட்கவில்லை. சில படங்களை மட்டும் எடுத்தார். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பது கட்டமைப்பைப் பற்றிய பாடநூல் ஒன்றைப் படிப்பதற்கு ஒப்பாகும். தொலைவிலிருந்து எடுத்ததில் கூடாரம், தட்டுமுட்டுப் பொருள்கள், நாற்காலியில் அமர்ந்த பதின்வயது மகள் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொரு அடியாக லாங் நெருங்குகிறார். ஒவ்வொரு அடியிலும் ஏதோ ஒன்று சட்டகத்துக்கு வெளியே போகிறது. கடைசிப் படத்தில் மகள் இல்லை, பொருள்கள் இல்லை, நிலமும் இல்லை. தாய் நடுவில் இருக்கிறாள், ஆம், நடுவிலேதான். இருபுறமும் இரு குழந்தைகள் முகத்தைத் திருப்பி அவள் தோளில் சாய்ந்திருக்கின்றன, மடியில் கைக்குழந்தை. அவள் கை கன்னத்தருகே, பார்வை எங்கோ.

குழந்தைகளின் முகங்கள் தெரிந்திருப்பின் நம் கண் மூன்று முகங்களுக்கிடையே அலைந்திருக்கும். அவை மறைந்ததால் ஒரு முகமே எஞ்சுகிறது. சாய்ந்த இரு தலைகளும் அம்முகத்தைத் தாங்கும் இரு தூண்களாகின்றன. கையின் கோடு மடியிலிருந்து முகத்துக்கு நம்மை ஏற்றிச் செல்கிறது. ஒருமை, சமநிலை, வழிநடத்தும் கோடு என மதிப்பெண் படிவத்தின் எல்லாக் கட்டங்களும் நிறையும். படங்கள் நாளிதழில் வெளிவந்தன. அரசு அம்முகாமுக்கு 20,000 பவுண்டு எடையுள்ள உணவுப்பொருள்களை அனுப்பியது. அதற்குள் அந்தத் தாயின் குடும்பம் வேலை தேடி வேறிடம் போய்விட்டிருந்தது. அவள் பெயர் புளோரன்ஸ் ஓவென்ஸ் தாம்சன் என்பது 1978இல்தான் உலகுக்குத் தெரிந்தது. அப்படத்தால் தமக்கு ஒன்றும் கிட்டவில்லை என்று அவர் மனங்கசந்து சொன்னார். அவர் செரோக்கி பழங்குடி வழியினர் என்பதும் அப்போதே தெரியவந்தது. சட்டகத்துள் அதற்கு இடமிருக்கவில்லை.

லாங் நெருங்கிச் சென்றதை நாம் குறைகூற மாட்டோம். நெருங்காதிருந்தால் அப்படம் ஆயிரக்கணக்கான அரசு ஆவணங்களுள் ஒன்றாக அடங்கிப்போயிருக்கும். வெட்டிச் சுருக்குவது சில வேளை ஈரத்தைக் கூட்டும். ஆனால் பின்னர் நடந்த ஒரு சிறு செயல் நமக்கு உடன்பாடில்லை. படத்தின் முன்புறத்தில், வலப்பக்கக் கீழ் மூலையில், கூடாரக் கம்பைப் பற்றிய பெருவிரல் ஒன்று தெரிந்தது. அது கண்ணை உறுத்துகிறது என்று கருதிய லாங், 1930களின் இறுதியில் எதிர்மறைத் தகட்டில் அதைத் தேய்த்து மறைக்கச் செய்தார். ஒளிப்படப் பிரிவின் தலைவராயிருந்த ராய் ஸ்ட்ரைக்கருக்கு இது பிடிக்கவில்லை. இன்றும் உற்றுப் பார்ப்போர்க்கு அவ்விரலின் மங்கிய நிழல் புலப்படும். கட்டமைப்பின்படி லாங் சொன்னது சரி. விரல் உறுத்தவே செய்தது. ஆனால் அவ்விரல் பற்றியிருந்தது அவர்கள் வீட்டை. சட்டகத்துள் அந்தக் கூடாரம் இருந்ததற்கு எஞ்சிய மனிதச் சான்றுகளுள் அது ஒன்று. உறுத்துவது எல்லாம் பிழையன்று.

செய்யுளின் உறுப்புகளைத் தொல்காப்பியர் செய்யுளியலில் முப்பத்துநான்காக எண்ணுகிறார். மாத்திரை, அசை, சீர், அடி, தொடை என்று போகும் அவ்வரிசையில் 'நோக்கு' என்று ஒன்று. அளந்து காட்ட முடியாத உறுப்பு அது. உரையாசிரியர்கள் அதற்குப் பொருள் கொள்வதில் வேறுபடுகின்றனர். இளம்பூரணர், எடுத்துக்கொண்ட பொருள் முடியுமளவும் வேறொன்றில் கருத்துச் சிதறாது அதனையே நோக்கி நிற்றல் எனக் கொள்கிறார். பேராசிரியரோ, கேட்டவர் ஒருமுறை கேட்டதோடு அமையாது மீண்டும் திரும்பி நோக்கிப் பயன்கொள்ளச் செய்வது என்ற கருத்துப்பட உரைக்கிறார். இவ்விரண்டுமே ஒளிப்படத்துக்கு வேண்டும். ஆயினும் இரண்டும் எப்போதும் இணங்கிப் போவதில்லை. நடுவர்களாகிய நாங்கள் மூவரும் அன்று தேடியது இளம்பூரணர் சொன்ன நோக்கை மட்டும். சிதறாத பார்வை, ஒற்றை மையம், வேண்டாதன நீங்கிய தூய்மை. வலைவீசும் மீனவரின் படத்தில் அது குறைவறக் கிடைத்தது. இரண்டாம் முறை பார்க்க அதில் ஏதுமில்லை என்பது ஓராண்டு கழிந்த பின்னரே உறைத்தது. துறைத் தாழ்வாரத்தில் அப்படத்தை மாட்டிவைத்திருந்தார்கள், நாள்தோறும் அதைக் கடந்து போக வேண்டியிருந்தது. அகத்திணையில் முதற்பொருளும் கருப்பொருளும் உரிப்பொருளும் பாட்டில் வருங்கால் ஒன்றைவிட ஒன்று சிறக்கும் என்பர். அந்தி உண்டு, கடல் உண்டு, வலை உண்டு. நெய்தலின் இரங்கல் அதில் எங்கே?

எதையும் நீக்காத படத்துக்கும் நம் மண்ணிலேயே ஒரு பெருஞ்சான்று உண்டு. லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர், சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பெற்று, 1858இல் திருவரங்கம், தஞ்சை, மதுரை, புதுக்கோட்டை ஆகிய இடங்களைப் படமெடுத்தார். மெழுகூட்டிய தாளை எதிர்மறையாகக் கொண்ட காலம். வெயில் மிகுந்த வானம் அத்தாளில் ஒன்றுமற்ற வெண்மையாய் நின்றுவிடும். அந்த வெற்றிடத்தைப் பொறாத டிரைப், சில எதிர்மறைகளில் தம் கையாலேயே மேகங்களைத் தீட்டினார். கட்டமைப்புக்காகச் செய்த பொய். இனிய பொய் என்றும் சொல்லலாம், மழையறியாத சித்திரையில் தஞ்சைக்கு மேகம் வந்தால் யாருக்கு நட்டம்? ஆனால் அவரே இன்னொன்றும் செய்தார். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் சோழர் கல்வெட்டு வரிகளை, இருபத்தொரு படங்களாகப் பகுதி பகுதியாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழப் பத்தொன்பது அடி நீளமுள்ள ஒற்றைப் படச்சுருளாக்கினார். அதில் மூன்றிலொரு பங்கு இல்லை, மையம் இல்லை, மேகமும் இல்லை. எழுத்து எவ்வளவு தொலைவு ஓடியதோ அவ்வளவு தொலைவு சட்டகமும் ஓடியது. பொருள் தன் யாப்பைத் தானே வகுத்துக்கொண்ட படம் அது. சில ஆண்டுகளிலேயே, செலவு மிகுதி என்று அரசு அந்த ஒளிப்படப் பணியை நிறுத்திவிட்டது.

வண்ணம் பற்றிப் பேச இடமில்லை. அது தனிக்கட்டுரை கேட்கும். இரகுபீர் சிங்கை மட்டும் குறிப்பிட்டு நகர்வோம். கலைப்படம் என்றால் கறுப்பு வெள்ளையே என்று மேலைநாட்டார் நம்பிய காலத்தில் வண்ணத்தை விடாது கைக்கொண்டவர், 1999இல் மறைந்தார். அவர் மறைவுக்குப்பின் வெளிவந்த நூலொன்று முழுவதும் அம்பாசிடர் மகிழுந்தின் வழியே காணும் இந்தியா. மகிழுந்தின் கதவு, கண்ணாடி, பின்னோக்கும் ஆடி ஒவ்வொன்றும் சட்டகத்துள் சட்டகமாகி, ஒரே படத்தை மூன்று நான்கு அறைகளாகப் பகுக்கின்றன. ஓர் அறையில் ஒரு கிழவர், இன்னோர் அறையில் ஒரு மாடு, ஆடியில் சாலை. ஒற்றை மையத்தை வலியுறுத்தும் நடுவர் அப்படங்களுக்கு நாற்பதுக்கு எவ்வளவு தருவார் என்று எண்ணிப் பார்க்கிறோம். நெரிசலும் கலப்புமே வாழ்வாயுள்ள ஒரு நாட்டில் எடுக்கும் படம், ஆளரவமற்ற நிலக்காட்சியின் தூய்மையை ஏன் இரவல் வாங்க வேண்டும்?

இதற்கு மறுப்பு உண்டு. நம் இயற்பியல் நண்பரே கூறினார். "அந்தப் பெண்ணின் பை என்பது நமக்கு எப்படித் தெரியும்? படம் தானே பேச வேண்டும். எடுத்தவர் வந்து விளக்கிய பின் உருகுவது படத்தின் வெற்றியாகாது." வலுவான வாதம். பல நாள் இதற்கு நம்மிடம் விடையில்லை. பின்னர் அம்மாணவியிடம் கேட்டு அப்படத்தின் படி ஒன்றைப் பெற்றோம். இம்முறை அட்டைத் துண்டுகளின்றிப் பார்த்தோம். ஆணிக்குக் கீழே சுவரில், பையின் அளவுக்கு, சுண்ணாம்பு தேய்ந்து பளபளப்பான ஓர் இடம் இருந்தது. ஆண்டுக்கணக்காக ஒரே பை உரசினாலன்றி அப்படித் தேயாது. பையின் வாயிலிருந்து ஒரு புத்தகத்தின் முனை வெளியே தெரிந்தது. பெண்மணியின் பார்வை படக்கருவியை நோக்கியிருக்கவில்லை. சற்றே மேல்நோக்கி, வலப்பக்கம், பை இருந்த மூலையை நோக்கி இருந்தது. அவர் பார்வைக்கும் பைக்கும் இடையே இருந்ததுதான் நாங்கள் 'வெற்றிடம்' என்று குறைத்த சுவர். அச்சுவர் அகன்றால் அப்பார்வை போக இடமில்லை. படம் பேசியிருக்கிறது. மூன்று நடுவர்களும் ஒரு படத்துக்கு ஒரு நிமிடம் என்று கணக்கிட்டு, அதற்குச் செவிகொடுக்காமல் எழுந்திருக்கிறோம்.

நண்பரிடம் அப்படியைக் காட்டினோம். நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஆனால் பானையைப் பாதியில் வெட்டியது பிழைதான்" என்றார். அதில் நமக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அடுத்த ஆண்டு விழாக்குழுக் கூட்டத்தில், கட்டமைப்புக்கான நாற்பது மதிப்பெண் கட்டத்தை நீக்கிவிட்டு, ஒவ்வொரு படத்தையும் நடுவர்கள் இரு வேறு நாள்களில் இருமுறை பார்க்க வேண்டும் என்று மாற்றுமாறு கேட்டோம். நாள் போதாது என்றனர். படிவங்கள் முன்கூட்டியே அச்சாகிவிட்டன என்பதும் ஒரு காரணம். அவ்வாண்டு நமக்குப் பட்டிமன்றத்துக்கு நடுவராகும் பொறுப்பு தரப்பட்டது. அட்டைத் துண்டுகள் இரண்டும் இழுப்பறையில்தான் இருக்கின்றன. அவற்றை வெளியே எடுக்குமுன் இப்போது நாம் மாணவரிடம் ஒரு கேள்வி கேட்கிறோம். படத்தின் ஓரங்களில் இருப்பவை யாருடையவை என்று.